காடும் கல்லும் ஒரே காணி

மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியான வெஸ்ட் ஐலண்டில் சும்மா கிடக்கிற காணி என்று ஒரு சதுர அடியும் இல்லை. அத்திவாரம் வெட்டிப் பிழைத்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். பீக்கன்ஸ்ஃபீல்டின் ஏஞ்சல் காடு, புவான்ட் கிளேரின் ஃபேர்வியூ காடு, பியேர்ஃபோனின் மேற்குப் பக்கத்து லான்ஸ்-அ-லோர்ம் ஓடைக்கரை வெளிகள் ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால், நம்மவர்களில் பலர், "மரம் நிற்கிற வெறுங்காணிதானே, வீடு கட்டினால் என்ன?" என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கான பதிலை மரத்திலிருந்து தொடங்காமல், மரத்தின் அடியில் கிடக்கும் கல்லிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

நான் இருப்பது கர்க்லாண்டில். 40ஆம் நெடுஞ்சாலை ஊடறுத்துப் போகும், ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் வாழும் சிறு நகரம். 1961இல் இந்தப் பெயரோடு தனி நகரமானது. 2002இல் மொன்றியலோடு இணைக்கப்பட்டது. மக்கள் வாக்களித்து 2006இல் மறுபடி தனியாகப் பிரிந்தது. வயலும் பண்ணையுமாக இருந்த இடத்தில் வீடுகள் வரிசை வரிசையாக எழும்பிய காலத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுவித்த குடும்பத்துப் பிள்ளை என்பதால் மண்ணைக் கண்டால் அதன் குணம் ஓரளவு விளங்கும். என்னைக் குழிக்குள் விட்டார்கள்.

இங்கே குழி வெட்டும்போது தெரிவது இதுதான். மேலே ஒரு முழம் கருமண். அதன் கீழே நீலமும் சாம்பலும் கலந்த களி. ஈரமாக இருந்தால் சப்பாத்தைக் காலோடு இழுத்துப் பிடிக்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்தக் களிக்குள் சிலவேளை வெள்ளைச் சிப்பி அகப்படும். கடல் இங்கிருந்து எத்தனையோ நூறு மைல் தூரத்தில் இருக்கிறது, சிப்பி எப்படி வந்தது என்று அந்த நாளில் யோசித்திருக்கிறேன். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்பாறை உருகிப் பின்வாங்கியபோது, அதன் பாரத்தால் தாழ்ந்து கிடந்த இந்த நிலத்துக்குள் அட்லான்டிக் கடல் புகுந்தது. சாம்ப்ளெய்ன் கடல் என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் இங்கே நின்றுவிட்டுப் போன கடலின் அடித்தட்டுத்தான் எங்கள் வீடுகளின் கீழே இருக்கும் களி. களிக்குக் கீழே பனிப்பாறை அரைத்துக் கொட்டிய கற்குவியல். அதற்கும் கீழே பெக்கோவின் பற்கள் போய் முட்டி வழுக்கும். அது சுண்ணக்கல். இடத்துக்கிடம் அதன் உறவுக்காரனான டொலமைட். 45 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட, இன்னும் பழைய ஒரு கடலின் அடித்தளம். அடுக்கடுக்காகப் படிந்திருக்கும், அடுக்குகளின் இடுக்கிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஒப்பந்தக்காரருக்குக் கல் வந்தால் முகம் கறுக்கும், செலவு கூடும். எனக்கு அந்தக் கசிவைப் பார்க்கும்போது ஊர்க் கிணற்றின் ஊற்றுக்கண் நினைவுக்கு வரும்.

இந்தக் கல் மொன்றியலின் முகம். பழைய நகரத்தின் சாம்பல் நிறக் கட்டடங்கள் பலவும் தீவிலேயே வெட்டிய சுண்ணக்கல்லில் எழுந்தவை. சென் லோரன்ஸ் ஆற்றைக் கடக்கும் விக்டோரியா பாலம் 1859இல் முடிந்தபோது, அதன் தூண்களுக்கான கல் எங்கள் பக்கத்து ஊரான புவான்ட் கிளேரிலிருந்தும் போனது. நகரம் வளர வளரக் கல்லுக்குப் பசி கூடியது. சென் மிஷேல் பகுதியில் மிரோன், ஃப்ரான்கோன் என்ற இரு பெரும் கற்குழிகள் தோன்றின. மிரோன் குழியைப் பின்னர் பல ஆண்டுகள் குப்பையால் நிரப்பினார்கள். இப்போது அதை மூடி ஃப்ரெதெரிக் பாக் பூங்கா ஆக்கிவருகிறார்கள். ஃப்ரான்கோன் குழியில் இன்றைக்கும் மாரிகாலத்தில் நகரத்து வீதிகளில் அள்ளிய பனியைக் கொட்டுகிறார்கள்.

கல் உயிரில்லாத பொருள் என்று நினைப்பவர்கள் கர்க்லாண்டில் பழைய வீடு வாங்கிப் பார்க்கவேண்டும். பைரைட் பரிசோதனை செய்தீர்களா என்றுதான் வீட்டு முகவர் கேட்பார். 1999க்கு முன் கட்டிய பல வீடுகளில், அடித்தளக் கொங்கிறீட்டின் கீழே நிரப்பிய உடைகல்லில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருந்தது. ஈரமும் காற்றும் பட்டால் அது மாறும். கந்தக அமிலம் உண்டாகி, கல்லில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகப் பருக்கும். கொங்கிறீட்டுத் தரையை மேலே தள்ளி வெடிக்கவைக்கும். பல்லாயிரம் டொலர் செலவழித்து முழுத் தரையையும் உடைத்துக் கல்லை அள்ளிப் புதிதாகப் போட்ட வீடுகளில் நானே வேலை செய்திருக்கிறேன். மழையில்லாத கோடையில் களி சுருங்கி அத்திவாரம் இறங்கி, சுவரில் படிபோல வெடிப்பு ஓடுவதும் இங்கே வழமை. அப்போது சிலர் முற்றத்து மரத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். மரம் களியிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது உண்மை. ஆனால் சுற்றிவர உள்ள நிலத்தை எல்லாம் தாரும் கொங்கிறீட்டும் போட்டு மூடி, விழுகிற மழை முழுவதையும் குழாய்க்குள் தள்ளிவிட்டு, களிக்குள் ஒரு சொட்டும் இறங்கவிடாமல் செய்தவர்கள் நாங்கள்தான்.

தீவின் சுண்ணக்கல்லுக்குள் ஒரு குகை இருக்கிறது என்று எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியவந்தது. தீவின் கிழக்கே, சென் லெயோனார் பகுதியில், பீ-XII (Pie-XII) பூங்காவின் கீழே. மேலே பிள்ளைகள் விளையாடும் இடம், சுற்றிவரக் குடிமனைகள். அந்தப் பூங்காவில் ஒரு வாசல். உள்ளே இறங்கினால் சுண்ணக்கல் குகை. 1812ஆம் ஆண்டிலிருந்தே இது அறியப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1837-38 கிளர்ச்சிக் காலத்தில் பத்ரியோத் போராளிகள் இங்கே ஆயுதங்களை ஒளித்துவைத்தார்கள் என்று அந்த ஊரார் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். குடிமனைகள் பெருகிய காலத்தில் ஆபத்தான பொந்து என்று வாசலை அடைத்துவிட்டார்கள். குகை ஆய்வாளர்கள் விடவில்லை. 1970களின் கடைசியில் அனுமதி வாங்கி, அடைசலை அகற்றித் துப்புரவாக்கினார்கள்; 1980களின் தொடக்கத்தில் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்க வழி பிறந்தது.

பெரும்பாலான சுண்ணக்கல் குகைகள் தண்ணீரால் உண்டானவை. மழை, காட்டு மண்ணின் ஊடாக இறங்கும்போது அங்கே உக்கும் இலையிலும் வேரிலும் இருந்து கரியமில வாயுவை வாங்கி மென்மையான அமிலமாகிறது. அந்தத் தண்ணீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கல்லைக் கரைத்து வழி உண்டாக்கும். சென் லெயோனார் குகையின் கதை வேறு. பனியுகத்தின் கடைசிப் பகுதியில் கிலோமீற்றர்க் கணக்கான தடிப்பில் நகர்ந்த பனிப்பாறை, தன் பாரத்தால் பாறை அடுக்கை இழுத்துப் பிளந்தது. அதனால்தான் அதன் சுவர்கள் இத்தனை நேராக இருக்கின்றன. இரண்டு பக்கச் சுவர்களையும் மனதால் ஒட்டிப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தும். வெளியே ஆடி மாத வெயில் தகிக்கும்போதும் உள்ளே ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது. சுவரில் கையை வைத்தால் ஈரம் கையோடு வரும். கூரையில் சிறு சிறு சுண்ணாம்புத் துளிகள், பென்சில் முனை அளவில், தொங்கத் தொடங்கியிருக்கும். எங்கள் தலைக்கு மேலே ஊஞ்சல் ஆடும் பிள்ளைகளின் காலடியில் விழுந்த மழைதான் அந்தத் துளி.

லூக் லெ ப்ளான், தானியேல் கரோன் என்ற இரண்டு குகை ஆய்வாளர்களை இந்த நகரம் நன்றியோடு நினைக்கவேண்டும். குகை அங்கேயே முடிகிறது என்று எல்லோரும் நம்பியிருந்த இடத்தில், சுவருக்கு அப்பால் இன்னும் இருக்கிறது என்று அவர்கள் பல ஆண்டுகள் தேடினார்கள். ஒரு சிறு வெடிப்பின் ஊடாகக் கமராவை விட்டுப் பார்த்தார்கள். 2017 ஒக்டோபரில் துளைப்பானும் சுத்தியலும் கொண்டு சுவரில் வழி திறந்தார்கள். அப்பால் சுமார் 6 மீற்றர் உயரக் கூரையோடு, 200 மீற்றருக்கும் மேல் நீளமான ஒரு பெரும் பாதை. பாதையின் ஒரு பகுதியில் நிலத்தடி நீர் ஆழமாக நிற்கிறது. காற்றடித்த ரப்பர் தோணியில்தான் போகவேண்டியிருந்தது. இருபது லட்சம் பேர் வாழும் தீவில், பஸ் ஓடும் வீதிகளுக்குக் கீழே, மனிதக் கால் படாத ஓர் இடம் அதுவரை கிடந்தது. எனக்கு அந்தச் செய்தி ஒரு தீர்ப்பைப்போல இருந்தது: எங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே முழுதாகத் தெரியாது, தெரியாத ஒன்றின் மேல் அவசரமாகக் கொங்கிறீட் ஊற்றக்கூடாது.

அந்தக் குகை தப்பியதற்கு ஒரே காரணம், அதன் மேலே இருந்த காணி பூங்காவாக, பொதுச் சொத்தாக இருந்தது. தனியார் காணியாக இருந்திருந்தால் அடுக்குமாடியின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் அதை எப்போதோ விழுங்கியிருக்கும். கல்லைத் தனியாகக் காப்பாற்ற முடியாது. மேலே உள்ள நிலத்தைக் காப்பாற்றினால்தான் கீழே உள்ள கல்லும் நீரும் மிஞ்சும். வௌவால்களின் கதையும் இதைத்தான் சொல்கிறது. கியூபெக்கின் சின்னப் பழுப்பு வௌவால் கோடையில் காட்டு மரப் பொந்துகளிலும் பட்டைகளின் கீழேயும் குட்டி வளர்க்கும். மாரியில் குகைகளிலும் கைவிட்ட சுரங்கங்களிலும் தூங்கும். 2006இல் நியூயோர்க் மாநிலத்துக் குகை ஒன்றில் முதலில் கண்ட வெள்ளை மூக்கு நோய் 2010இல் கியூபெக்கை எட்டியது. பூஞ்சணம் பிடித்து, மாரித் தூக்கத்தில் எழும்பி எழும்பி, உடம்பில் சேர்த்த கொழுப்பு தீர்ந்து வௌவால்கள் செத்தன. 2014இல் கனடா அரசு மூன்று வௌவால் இனங்களை அழியும் ஆபத்தில் உள்ளவை என்று அறிவித்தது. மிஞ்சியவை பிழைக்கக் குகை மட்டும் போதாது, கோடைக்குக் காடும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பெய்யும் மழை செம்மண்ணின் ஊடாக இறங்கிக் கல்லின் பொந்துகளில் நிற்கிறது. உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்தான் நம் கிணறுகள். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கேணியில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று சிறுவயதில் கேட்காதவர் யார்? காய் போனதோ இல்லையோ, நிலத்தின் கீழே வழிகள் இருக்கின்றன என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்திருந்தது. என் அப்பு கிணற்றுக் கட்டில் சவர்க்காரம் போட விடமாட்டார். "கல்லுக்கு வடிகட்டத் தெரியாது" என்பார். மணல் வடிகட்டும், களி தடுக்கும். சுண்ணக்கல்லின் வெடிப்புக்குள் போன அழுக்கு அப்படியே அடுத்த கிணற்றுக்குப் போய்ச் சேரும். அப்புவின் அந்த ஒரு வசனத்துக்குள் நிலத்தடி நீரியல் பாடம் முழுவதும் இருக்கிறது.

அந்தப் பாடத்தை நாங்கள் மறந்ததன் விலையையும் பார்த்தோம். வெங்காயத் தோட்டங்களுக்கு அள்ளிக் கொட்டிய யூரியாவும் மலக்குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றின. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காக 1950இலிருந்து கீரிமலைப் பக்கம் கல் வெட்டிய இடங்கள் இன்றும் பெருங்குழிகளாகக் கிடக்கின்றன. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, கிணற்று நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2019 ஏப்ரலில் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்த அன்றே கிணறு தெளிந்துவிடவில்லை. கல்லுக்குள் போனதை எந்த நீதிமன்றமும் வெளியே எடுத்துத் தரமுடியாது. அந்த மண்ணிலிருந்து வந்து இன்னொரு சுண்ணக்கல் தீவில் குடியேறியிருக்கும் எங்களுக்கு, மேலே நிற்கும் காட்டின் பெறுமதி மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே விளங்கவேண்டும்.

இனி எங்கள் பக்கத்துக் காடுகளுக்கு வருகிறேன். கர்க்லாண்டுக்குள் பூங்காக்களும் சிறு தோப்புகளும் உண்டு. பெரிய காடு வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்குத்தான் போகவேண்டும். 20ஆம், 40ஆம் நெடுஞ்சாலைகளுக்கு நடுவே பீக்கன்ஸ்ஃபீல்டில் கிடக்கிறது ஏஞ்சல் காடு, நூறு ஹெக்டேருக்குக் கிட்ட. சித்திரை மாதத்தில் பனி உருகியதும் உள்ளே போனால், மரங்களுக்கு நடுவே குளங்குளமாக நீர் நிற்கும். களி நீரை இறங்கவிடாமல் பிடித்துவைத்திருக்கிற குளங்கள் அவை. தவளைச் சத்தத்தில் நெடுஞ்சாலை இரைச்சல் மறைந்துபோகும். சர்க்கரை மேப்பிள் மரங்களுக்கு இடையே ஷாக்பார்க் ஹிக்கரி நிற்கும். அதன் பட்டை முழ நீளப் பட்டைகளாகக் கீழும் மேலும் கிளம்பி, நடுவில் மட்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். அந்தப் பட்டைகளின் கீழே வௌவால்கள் ஒதுங்கும். இலை துளிர்க்க முன், வெயில் நிலத்தில் விழுகிற அந்தச் சில கிழமைகளுக்குள் ட்ரில்லியம் பூத்து முடித்துவிடும். காட்டுப் பூண்டும் அப்போதுதான் தலைகாட்டும். இதை வாசிக்கும் சமையல் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை: கியூபெக்கில் 1995இலிருந்து அது பாதுகாக்கப்பட்ட தாவரம், விற்பது குற்றம், சொந்தத் தேவைக்கும் ஆண்டுக்கு ஐம்பது கிழங்குக்கு மேல் எடுக்கக்கூடாது, பூங்காக்களில் தொடவே கூடாது. வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகள் எடுக்கும் செடி. விட்டுவிடுங்கள்.

இந்தக் காட்டின் ஒரு பகுதி அரசிடமும் நகரத்திடமும் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடமும் இருக்கிறது. மிச்சம் தனியார் காணி. அதில் கட்டலாமா கூடாதா என்று பல ஆண்டுகளாக வழக்கும் வாதமும். புவான்ட் கிளேரில் ஃபேர்வியூ வணிக வளாகத்தை ஒட்டி நிற்கும் சிறு காட்டுக்கும் இதே தலைவிதி. 2020இல் அங்கே பெரிய கட்டடத் திட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து, சனிக்கிழமைகளில் ஊர்மக்கள் வீதியோரத்தில் பதாகையோடு நின்றார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். மைனஸ் இருபதிலும் நின்றார்கள். நம் முகங்களை அங்கே அதிகம் காணவில்லை. வீதியோரத்தில் பதாகை பிடிக்க எங்களுக்குத் தெரியாதா? இலங்கைப் போரை நிறுத்தக் கேட்டு 2009இல் ஒட்டாவாவிலும் ரொறன்ரோவிலும் எத்தனை நாள் நின்றோம்!

மக்கள் நின்றால் பலன் வரும் என்பதற்குப் பியேர்ஃபோன் சாட்சி. லான்ஸ்-அ-லோர்ம் வெளிகளுக்குப் பக்கத்தில் 5,500 வீடுகள் கட்டும் திட்டம் இருந்தது. 2017இல் மொன்றியலின் பொது ஆலோசனை அலுவலகம் அதைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்டது. நூற்றுக்கணக்கானோர் போய்ப் பேசினார்கள், எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஆறு பெருகிப் பியேர்ஃபோன் வீதிகளில் படகு ஓடியது. 2019 வசந்தத்தில் மறுபடியும். நீர் போய்ச் சேர இடம் இல்லாவிட்டால் வீட்டுக்குள் வரும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 2019 ஓகஸ்டில் மொன்றியலின் அப்போதைய நகரபிதா வலெரி ப்ளான்ட், அந்த வெளிகளையும் சேர்த்து 3,000 ஹெக்டேர் பரப்பில் மேற்குப் பெரும் பூங்கா அமைப்பதாக அறிவித்தார். மோன் ரொயால் பூங்காவைப்போலப் பதினைந்து மடங்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் 140 ஹெக்டேர் காணியை 73 மில்லியன் டொலருக்கு நகரம் வாங்கியும் விட்டது.

2022இல் இன்னொரு முக்கிய காரியம் நடந்தது. 82 நகரங்களைச் சேர்த்த மொன்றியல் பெருநகரச் சமூகம் ஓர் இடைக்கால ஒழுங்குவிதி கொண்டுவந்து, 12,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடுகளிலும் ஈரநிலங்களிலும் கட்டடம் எழுப்புவதை நிறுத்தியது. பெருநகரில் பாதுகாப்புக்கு உட்பட்ட இயற்கை நிலம் அதனால் 22 வீதத்துக்கு மேலே போனது. அதே ஆண்டு டிசம்பரில் உலக நாடுகள் இதே நகரில் கூடி, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 வீதத்தைப் பாதுகாப்பதாக ஒப்புக்கொண்டன. அந்த ஒப்பந்தத்தின் பெயரிலேயே மொன்றியல் இருக்கிறது. உலகத்துக்கே இடம் கொடுத்த ஊர், தன் வீட்டுக் கொல்லையில் அதைச் செய்து காட்டவேண்டும்.

என் ஒரே கவலை, இடைக்கால ஒழுங்குவிதியை நம்பி எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது. ஒழுங்குவிதியை ஒரு தேர்தலுக்குப் பிறகு மாற்றலாம், வரைபடத்தின் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தலாம். காணி உறுதி பொதுச் சொத்தாக மாறினால்தான் காட்டுக்கு உறுதி. வாங்கவேண்டும்; பணம் கொடுத்து வாங்கவேண்டும்.

பணம் கொடுத்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பரில் கியூபெக் சட்டத்தைத் திருத்தியது. சூழல் முக்கியத்துவம் உள்ள நிலத்தைக் காக்க நகரசபை கட்டுப்பாடு விதித்தால், குறித்த நிபந்தனைகளின் கீழ், உரிமையாளருக்கு இழப்பீடு கொடுக்கவேண்டியதில்லை. காடுகளைக் காக்க நகரசபைகளுக்கு இந்தப் பலம் தேவைதான். வழக்குக்குப் பயந்து கைகட்டி நின்ற நகரசபைகள் எத்தனையோ. ஆனால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு மத்தியில் இருந்துகொண்டு இந்தச் சட்டத்தை மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியாது. 1990இல் விட்டு வந்த காணிகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. உறுதி கையில், காணி வேலிக்கு உள்ளே. இழப்பீடும் இல்லை, பதிலும் இல்லை. காணியை முடக்கிவைத்தால் அதன் உரிமையாளர் படும்பாடு என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவர் பெரிய கம்பனியாக இருந்தாலும் நீதி ஒன்றுதான். நியாயமான விலை கொடுத்து வாங்கினால் காடும் நிற்கும், பழியும் இராது. பியேர்ஃபோனில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய அரை மில்லியன் டொலர் விழுந்தது. பெரிய தொகைதான். ஒரு நெடுஞ்சாலைச் சந்திப்பைத் திருத்தச் செலவாகும் பணத்தோடு வைத்துப் பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

வீட்டுப் பிரச்சினையை நான் மறக்கவில்லை. கோவிலில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணை, நீங்கள் அந்தக் காலத்தில் வாங்கிப்போட்டியள். எங்கட பிள்ளையள் எங்கே போறது?" அவர் கேட்டதில் பிழையே இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வோட்ரூய் தாண்டிப் போய் வீடு தேடுகிறார்கள். வீடுகள் கட்டத்தான் வேண்டும், நிறையக் கட்டவேண்டும். எங்கே என்பதுதான் விஷயம். ஃபேர்வியூ காட்டுக்குப் பக்கத்திலேயே ஃபேர்வியூவின் வாகனத் தரிப்பிடம் இருக்கிறது. தார் போட்டு, களியை மூடி, கிழமை நாட்களில் பாதி காலியாகக் கிடக்கும் பரந்த வெளி. பக்கத்தில் ரெம் (REM) என்ற புது ரயில் பாதையின் நிலையம். கர்க்லாண்டிலும் 40ஆம் நெடுஞ்சாலையோரம் ரயில் நிலையம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். மேர்க் மருந்துக் கம்பனியின் ஆராய்ச்சிக்கூடம் 2010இல் மூடப்பட்டபின் மிஞ்சிய பெரிய காணியும் நெடுஞ்சாலையோரத்தில்தான் இருக்கிறது. இந்த இடங்களில் ஆறு மாடி, எட்டு மாடி எழும்பட்டும். அத்திவாரக்காரனாகச் சொல்கிறேன்: ஏற்கனவே வெட்டி நிரப்பிய நிலத்தில் இன்னொரு முறை வெட்டுவதால் யாருக்கும் புதிதாக நட்டமில்லை. குழாய், மின்சாரம், வீதி எல்லாம் அங்கே இருக்கின்றன. காட்டை வெட்டிப் போடும் தனி வீடுகள் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் விலையில் ஒருநாளும் வரப்போவதில்லை. அந்த விளம்பரப் படங்களில் நிற்கும் குடும்பம் அவர்களுடையது அல்ல.

எங்கள் திருமுருகன் கோவிலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் புவா-ட-லியேஸ் இயற்கைப் பூங்கா இருக்கிறது. கோவிலுக்கு வரும் எத்தனை பேர் அதற்குள் ஒருமுறையாவது நடந்திருப்பார்கள்? மலையும் காடும் தன் இடம் என்று கொண்ட தெய்வத்தை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம். தலவிருட்சத்தைச் சுற்றிக் கும்பிட்ட வழக்கம் நமக்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சென் லெயோனார் குகைக்கும் முன்பதிவு செய்து இறக்கிக் காட்டுங்கள். கல்லில் கையை வைத்துப் பார்க்கட்டும்.

கர்க்லாண்ட் நகரசபை மாதந்தோறும் கூடுகிறது. கேள்வி நேரம் உண்டு, ஆங்கிலத்திலும் கேட்கலாம். எங்கள் நகரபிதா மொன்றியல் தீவு முழுவதற்குமான சபையில் மற்ற நகரபிதாக்களோடு உட்காருகிறவர். ஏஞ்சல் காடு எங்கள் எல்லைக்கு வெளியே என்று அவர் ஒதுங்க முடியாது, அதன் தண்ணீர் எல்லை பார்த்து ஓடுவதில்லை. அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மிஞ்சிய காடுகளை வாங்குவதற்குப் பணம் ஒதுக்க எப்போது குரல் கொடுப்பீர்கள்? ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தார்வெளியில் நம் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியான வீடு எத்தனை? பதிலை எழுத்தில் கேளுங்கள். அடுத்த மாதமும் போங்கள்.